இசிஜியில் ஒன்றும் இல்லை. பின்னே இது என்ன?

இரவு இரண்டே முக்கால் மணிக்கு மாமா போன் செய்தார். "அக்காவுக்குக் கை இழுத்துக்கிச்சு, சீக்கிரம் வா" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஈப்போவின் புந்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நைட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். அன்று பார்த்ததில் இன்றும் கண்ணைவிட்டு அகலாதது அவள் கைகள்தான். இரண்டு மணிக்கட்டும் உள்பக்கம் மடங்கி, ஐந்து விரலும் நுனியில் ஒன்றுகூடி, விரியாத மொட்டுப்போல இறுகியிருந்தன. காக்காய் வலிப்பு என்று நினைத்த மாமா, வீட்டுச் சாவிக்கொத்தை அந்த விரல்களுக்கு நடுவே திணித்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கையில் திருநீறும் ஒரு கையில் கோடாலித் தைலமுமாக நின்றார்.

"நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்குடா தம்பி. பிள்ளைங்கள பாத்துக்க" என்றாள் அக்கா. நாற்பத்தாறு வயது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விடியற்காலை முதல் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுத்ததில்லை.

நகரத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் உடனே படுக்க வைத்தார்கள். இசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். விரலில் மாட்டிய கருவி 99 என்று காட்டியது. மூச்சே கிடைக்கவில்லை என்று அவள் தவித்த அதே நேரத்தில் அவள் இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தது. பொழுது விடிந்ததும், "இருதயம் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த நான்கு மாதங்களில் இது ஐந்து முறை வந்தது. ஒருமுறை பசாரில் மீன் வாங்கும்போது. ஒருமுறை கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தியில். ஒவ்வொரு முறையும் ஒரு கிளினிக், ஒவ்வொரு கிளினிக்கிலும் அதே பதில். வாயு என்றார் ஒருவர். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சங்கிலியை அடகு வைத்து இருதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள்; ஓட்டப் பட்டையில் ஓடவிட்டார்கள். எல்லாம் சரி. ஐந்தாவது முறை வெளியே வந்து காரில் ஏறியதும் அக்கா அழுதாள். "ஒண்ணும் இல்லன்னா நான் என்ன நடிக்கிறேனா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. இருதயத்தில் ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியோடு பேச்சை முடித்து ஆளை அனுப்பிவிடுவதுதான் தவறு. அக்காவின் நெஞ்சு அடித்தது உண்மை, விரல் மடங்கியது உண்மை. அதற்கு ஒரு காரணமும் ஒரு பெயரும் மருந்தும் உண்டு. அதைச் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்க நான்கு மாதம் ஆனது.

சொன்னவர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பணிபுரிந்த ஓர் இளம் மலாய் டாக்டர். அக்காவின் கதையை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு முதல் கேள்வி: "ராசா மாச்சாம் நக் மாத்தி?" செத்துவிடுவோம் என்று தோன்றியதா? அக்கா தலையாட்டினாள். எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது? "பத்து நிமிசத்துக்குள்ள." டாக்டர் தன் கையையே அந்த மொட்டுப்போல மடக்கிக் காட்டி, "இப்படியா?" என்றார். அதைப் பார்த்ததும் அக்கா முகத்தில் வந்த தெளிவை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தனக்கு வந்தது இன்னொருவருக்கும் வந்திருக்கிறது, வந்ததைப் பார்த்தவர் இவர், என்ற ஒரு நிம்மதி.

பேனிக் அட்டாக் என்றார் டாக்டர். தமிழில் பீதித் தாக்குதல் என்கிறார்கள்.

கை மடங்கியதன் கணக்கு

புலி எதிரே வந்தால் உடம்பு என்ன செய்யுமோ, அதைத்தான் அக்காவின் உடம்பும் செய்தது. மூளை அபாய மணியை அடித்தவுடன் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு இரத்தம் வேண்டும். அதனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சூடேறும் உடம்பைத் தணிக்க வியர்க்கிறது. செரிமானம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வயிறு வேலையை நிறுத்துகிறது, குமட்டுகிறது, கலக்குகிறது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் உயிரைக் காக்கும் ஏற்பாடு. ஒரே குறை, எதிரே புலி இல்லை. ஓடாமல் நின்ற இடத்தில் நிற்கிறவனுக்கு இந்த ஏற்பாடே மரண பயமாகிவிடுகிறது.

விரல் மடங்கியது மூச்சினால். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு அதிகமாக வெளியேறுகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது. நரம்புகளுக்குப் பயன்படக்கூடிய கால்சியத்தின் அளவு இறங்குகிறது. நரம்புகள் தாமாகத் துடிக்கத் தொடங்குகின்றன. முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், பிறகு மரத்துப்போகும், மூச்சு அதே வேகத்தில் ஓடினால் கை அப்படி மடங்கும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை சுற்றுகிறது, சுற்றியிருக்கும் வீடும் ஆட்களும் கனவில் போலத் தள்ளி நிற்கிறார்கள். காற்று பற்றவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுக்கிறோம். இழுக்க இழுக்க எல்லாம் கூடுகிறது. மூச்சு நிதானப்பட்டால் விரல்கள் தாமே விரியும். சாவிக்கொத்துக்கு அங்கே வேலை இல்லை.

இந்தச் சுழலைத்தான் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் எழுதிக் காட்டினார். நெஞ்சு ஒருமுறை துள்ளுகிறது. "இதோ மாரடைப்பு" என்று மனம் படிக்கிறது. அந்தப் படிப்பே பயத்தை மூட்டுகிறது. பயம் நெஞ்சை இன்னும் அடிக்க வைக்கிறது. அக்காவுக்கு முதல்முறை வந்தது தூக்கத்தில். தூக்கத்திலும் வரும் என்று தெரியாததால் மருத்துவமனை தேடி ஓடுபவர்கள் பலர்.

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலி, படபடப்பு என்று வந்த சிப்பாய்களைச் சோதித்த ஜேக்கப் டா கோஸ்டா 1871-ல் எழுதிய கட்டுரையில் அதை இருதயத்தின் கோளாறு என்றே கருதினார். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாகப் பெயர் பெற்றது.

தோட்டத்தில் இது இல்லையா?

"நாங்க தோட்டத்துல இருந்தப்ப யாருக்கும் இந்த நோவு இல்ல" என்றார் அம்மா. நான் நம்பவில்லை. நம் மொழியே சாட்சி. ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, கை கால் வெலவெலத்தது, உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது என்கிறோம். பயத்தை உடம்பின் பெயர் சொல்லாமல் தமிழில் பேசவே முடியாது. தொல்காப்பியம் மனத்தில் எழுவது உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்து, எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தைச் சேர்த்தது. அச்சம் பிறக்கும் இடங்களாக அது சொல்வது நான்கு: தெய்வம், விலங்கு, கள்வர், அரசன்.

அந்த நான்கும் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் இருந்தன. காலைப் பெரட்டுக்கு இருட்டிலேயே எழுந்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைகிறவளுக்குப் புலியும் பாம்பும் கதையல்ல. தோட்டத்து எல்லையில் முனியாண்டி. அரசனுக்குப் பதில் துரை, துரைக்குக் கீழே கிராணியும் மண்டோரும். கள்வர் இடத்தில் காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதோடு தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பல தோட்டங்களில் லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குச் சோறு போகாதபடி, வேலைக்குப் போகிறவர்களின் கையைச் சோதித்து அனுப்பிய காலம் அது.

கிளறிக் கேட்டதும் அம்மாவே சொன்னார். லயனில் நாலாம் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். நன்றாகப் பால் வெட்டியவர் ஒருநாள் நிரையில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதற்குப்பின் தனியாக நிரைக்குப் போகமாட்டார். யாராவது கூட வரவேண்டும். பிறகு பெரட்டுக்கே வரவில்லை, வாசலைத் தாண்டவில்லை. பயந்துட்டா என்றார்கள். டிரெஸரிடம் தண்ணி மருந்து, பூசாரியிடம் கயிறு. "அவ சோம்பேறின்னு கிராணி பேரை வெட்டிட்டான்" என்றார் அம்மா. பேனிக் அட்டாக் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்த இடத்துக்கெல்லாம் போகாமல், கடைசியில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப்போவது இந்த நோயின் அடுத்த படி என்பதை அன்று யார் சொல்லியிருப்பார்?

பூசாரியிடம் போனதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேப்பிலையும் திருநீறும், பக்கத்தில் நின்று "நான் இருக்கேன்" என்று சொல்லும் ஒரு குரலும் பயந்தவரின் மூச்சைக் கொஞ்சம் தணிக்கத்தான் செய்யும். கயிறு கட்டினாலும் டாக்டரிடமும் போகவேண்டும் என்பதுதான் என் வழக்கு.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயனைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. வேலை, வீடு, கோயில், ஆயாக்கொட்டகை, பக்கத்து வீட்டுச் சின்னம்மா எல்லாம் ஒரே கடிதத்தில் போயின. ஈப்போவுக்கு வந்து சேர்ந்த தலைமுறைக்கு வந்த பயம் தொல்காப்பியத்தின் நான்கில் அடங்காது. மாதக் கடைசி வாடகை, ஆலோங்கிடம் வாங்கிய கடன், இராத்திரி ஷிப்டு, பெரியவனின் சேர்க்கை சரியில்லை. இந்தப் பயத்துக்கு முகம் இல்லை. அதனால் இது கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் போய் உட்காருகிறது.

அட்டாக் வராமலே பல வருடம் உட்கார்ந்திருக்கும். காலையில் எழுந்ததும் குமட்டல். பிடரியும் தோளும் கட்டைபோல இறுகியிருக்கும். பல்லைக் கடித்தபடியே தூங்கியதால் தாடை வலிக்கும். வெளியே கிளம்புகிற நேரமாகப் பார்த்து வயிறு கலக்கும். தொண்டையில் உருண்டை ஒன்று நிற்பதுபோல இருக்கும். தண்ணீர் குடித்தாலும் இறங்காது. அடிக்கடி பெருமூச்சு. இரவு மூன்று மணிக்கு விழிப்பு. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடிப்பது காதில் கேட்கும். இவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் சோர்வு என்று தள்ளிவிடக்கூடாது. அக்காவிடம் டாக்டர் கொடுத்த 21 கேள்விகள் கொண்ட தாளில் வாய் வறட்சி, மூச்சுத் திணறல், கை நடுக்கம் என்று உடம்பைக் கேட்கும் கேள்விகளும் கலந்திருந்தன. "என் மனச பத்திக் கேப்பாங்கன்னு பயந்தேன், உடம்பத்தானே கேக்குறாங்க" என்றாள்.

முதல்முறை என்றால் ஓடுங்கள்

இந்த இடத்தில் கட்டுரையை வேகமாகப் புரட்டுகிறவர்கள் நின்று படிக்கவேண்டும். நெஞ்சில் முதல்முறையாக இப்படி வந்தால் அது பேனிக் அட்டாக் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல அழுத்தி, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, நடந்தால் கூடி, நேரமாக ஆகக் குறையாமல் நிற்பது மாரடைப்பின் போக்கு. பேனிக் அட்டாக் திடீரென்று ஏறி, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரைமணி நேரத்தில் தணியும். ஆனால் பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு எப்போதும் இந்தப் பாடப்புத்தகப்படி வருவதில்லை. வெறும் மூச்சுத் திணறலாக, வியர்வையாக, வாந்தியாகக்கூட வரும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மூன்றில் ஒருவர் என்றே வையுங்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் நெஞ்சுவலியை மனப்பிரமை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இனிப்புநீருக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நடுங்கி, நெஞ்சு படபடக்கும். பார்ப்பதற்கு அச்சு அசல் பேனிக் அட்டாக்தான். தைராய்டு கூடினாலும், இரத்தச்சோகை இருந்தாலும், நெஞ்சின் தாளம் தவறினாலும், ஆஸ்துமாவிலும் இதே கோலம். கோப்பியை அளவுக்கு மீறிக் குடித்தாலும். ஆகவே சோதனைகள் வேண்டும். எல்லாம் சரி என்று வந்தபின் எழுந்து போய்விடாமல் டாக்டரிடம் கேளுங்கள்: "இருதயம் சரி, சந்தோஷம். அப்படின்னா எனக்கு வந்தது என்ன?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தடையாக இருந்தது ஓர் ஊரின் பெயர். ஈப்போவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சேட்டை செய்தால் "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று திட்டு வாங்காத பிள்ளை நம்மில் யார்? 1911-ல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம் வாய் மாறவில்லை. அந்தத் திட்டுச் சொல்லால் எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பேனிக் அட்டாக் வந்தவருக்குப் பைத்தியம் பிடிப்பதில்லை. பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் அந்த நோயின் குறிகளில் ஒன்று, அவ்வளவுதான். மனநலத் தொல்லை அரிதானதும் அல்ல. மனச்சோர்வுக்கு ஆளான பெரியவர்கள் 2019-ல் 2.3 விழுக்காடாக இருந்து 2023-ல் 4.6 விழுக்காடானதாகச் சுகாதார அமைச்சின் ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். இவர்களில் யாரும் நமக்கு அந்நியர் அல்ல.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது? முதலில் கூட்டத்தை விலக்குங்கள். கத்தாதீர்கள், "ஒண்ணும் இல்ல, எழுந்திரு" என்று உலுக்காதீர்கள். அவர் உட்கார வசதி செய்து, பக்கத்தில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசுங்கள். "இது பயத்தோட அலை, ஏறி இறங்கிரும், நான் இங்கதான் இருக்கேன்." மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள், சொல்வதோடு நிற்காமல் நீங்களும் கூடவே செய்யுங்கள். மூச்சை விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கவேண்டும், அதுதான் சூட்சுமம். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் செய்யும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்தது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

சிகிச்சை இரண்டு வகை. பேச்சு வழி சிகிச்சையில், உடம்பின் அறிகுறியைக் கண்டு பயப்படாமலிருக்கப் பழக்குவார்கள். நாற்காலியில் சுற்றவைத்துத் தலைசுற்றலை வரவழைப்பார்கள், படியேறவைத்து நெஞ்சை அடிக்கவைப்பார்கள்; வந்தது தானே போவதைக் கண்ணால் பார்க்கவைப்பார்கள். மாத்திரை வகையில் முதலில் தருவது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்துகள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம். அதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் நம்மவர்கள். இந்த மருந்துகள் போதை ஏற்றுவதில்லை. நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்படி மெல்லக் குறைத்து நிறுத்தவேண்டும். உடனே தூக்கம் வரவைத்துப் படபடப்பை அடக்கும் மாத்திரைகள்தான் அடிமையாக்கக்கூடியவை. அவற்றைப் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கி விழுங்காதீர்கள்.

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த லோரி ஓட்டுநர் ஒருவர் கோலகங்சாருக்குச் சரக்கு ஏற்றிப்போகும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டு செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் சுற்றிப் போவார். டோல் மிச்சம் என்று முதலாளியிடம் சொல்வார். உண்மைக் காரணம் அந்த நெடுஞ்சாலையில் வரும் மெனோரா சுரங்கப்பாதை. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தச் சுரங்கத்துக்குள் ஒருமுறை அவருக்கு ஸ்டியரிங்கிலேயே கை மரத்துவிட்டது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் இரண்டு பீர், அதோடு சரி. அக்காவின் கதையை நான் சொன்னபோதுதான் மெல்லக் கேட்டார்: "அந்த அக்காவுக்கு வெரலு மரத்துச்சா?"

அக்காவுக்கு இன்னும் எப்போதாவது வருகிறது. போன மாதம் கோயில் கூட்டத்தில் வந்தது. தூண் ஓரமாக உட்கார்ந்து, ஆறு எண்ணி ஆறு எண்ணி மூச்சை விட்டாள். பூசை முடியும்முன் தணிந்தது. பிரசாதம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். மாமாவின் சாவிக்கொத்து சட்டைப்பையிலேயே இருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்தக் குறிகள் இருந்தால் இந்த வாரமே போங்கள். சுகாதார அமைச்சின் ஆலோசனை எண் 15555. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. முகப்பில் காரணம் கேட்டால் நெஞ்சு படபடப்பு என்று சொன்னால் போதும்.